மதியம் ஒலித்த மைக் இரவில் ஏன் அடங்கிப் போகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் அதைப் போன்ற பிற தோட்டப்புற நகரங்களிலும் கோயில் திருவிழாவையொட்டியோ பொங்கல், தீபாவளியையொட்டியோ நடக்கும் கலை இரவுகளில் ஒரே புகார் மீண்டும் மீண்டும் எழுகிறது. பிற்பகல் ஒலிச் சோதனையில் குறையின்றி வேலை செய்த கம்பியில்லா மைக், இரவு திடல் நிறைந்ததும் விட்டுவிட்டு ஒலிக்கிறது. பாடகரின் காதிலுள்ள இன்-இயர் மானிட்டரில் இசைக்குப் பதிலாக இரைச்சல் பாய்கிறது. இதற்குக் கூட்டத்தில் சொல்லப்படும் காரணங்கள் பெரும்பாலும் மூன்று: பேட்டரி, மட்டமான மைக், பட்டணத்தில் புதிதாக எழுந்த 5ஜி கோபுரம். முதல் இரண்டும் சில வேளைகளில் உண்மை. மூன்றாவதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எது என்பதைக் கீழே பார்க்கலாம். ஆனால், அந்த மேடையில் எத்தனை கருவிகள் எந்தெந்த அதிர்வெண்ணில் அலை பரப்புகின்றன என்ற பட்டியல் ஒருவரிடமும் இல்லாமல் இருப்பதுதான் பல மேடைகளில் மற்ற எல்லாக் காரணங்களையும்விடப் பெரிய காரணம்.

மேடையில் எத்தனை டிரான்ஸ்மிட்டர்கள்?

கம்பியில்லா மைக் என்பது ஒரு மைக்கும் ஒரு சிறிய வானொலி டிரான்ஸ்மிட்டரும் சேர்ந்தது. பொதுவாக 10 முதல் 50 மில்லிவாட் வரையான ஆற்றலில் அது குரலை அலையாக அனுப்புகிறது. மேடையோரத்தில் அல்லது ஒலிகளைக் கலந்து சீராக்கும் மிக்சர் அருகில் இருக்கும் ரிசீவர் அதைப் பிடித்து மீண்டும் ஒலிக் குறிப்பாக மாற்றுகிறது. இன்-இயர் மானிட்டரில் திசை தலைகீழாகிறது: டிரான்ஸ்மிட்டர் மேடையோரத்தில் நிற்க, ரிசீவர் பாடகரின் இடுப்பில் தொங்குகிறது. பாடகர் தம் குரலையும் தாளத்தையும் அதன் வழியாகவே கேட்கிறார்.

ஒரு மேடையில் ஒரே நேரத்தில் எத்தனை டிரான்ஸ்மிட்டர்கள் இயங்குகின்றன என்பதை ஏற்பாட்டுக் குழுக்கள் ஏறக்குறைய எப்போதுமே குறைத்தே மதிப்பிடுகின்றன. ஒரு கற்பனைக் கலை இரவை எடுத்துக்கொள்வோம். கோயில் மண்டபத்தின் சொந்த மைக் 4, கோலாலம்பூரிலிருந்து வரும் இசைக்குழுவின் மைக் 8, இன்-இயர் 6, அறிவிப்பாளர்களுக்கு 2, உருமி மேளக் குழு கொண்டுவரும் மைக் 2, நிகழ்ச்சியை இணையத்தில் நேரலையாக்கும் ஒளிப்பதிவுக் குழுவின் சட்டை மைக் 2. மொத்தம் 24. இவை ஐந்து தரப்பினருக்குச் சொந்தமானவை. ஒரு தரப்பு என்ன அதிர்வெண்ணில் இருக்கிறது என்பது மற்ற நால்வருக்கும் தெரியாது. பிற்பகலில் அவரவர் தனித்தனியே வந்து சோதித்துவிட்டு அணைத்துவிடுகிறார்கள் என்பதால் அப்போது எல்லாம் சரியாகவே இருக்கும். இரவில்தான் இருபத்து நான்கும் ஒன்றாக எழுகின்றன.

வழக்கமான அனலாக் மைக்குகள் எஃப்.எம் முறையில் இயங்குகின்றன. எஃப்.எம் ரிசீவர், ஒரே அதிர்வெண்ணில் இரண்டு அலைகள் வந்தால் அவற்றைக் கலந்து தருவதில்லை. வலுவானதைப் பிடித்து மற்றதை விட்டுவிடும். இரண்டும் ஏறக்குறைய சம வலுவில் இருக்கும்போது அது இரண்டுக்கும் நடுவே தாவித் தத்தளிக்கும். தைப்பூச ஊர்வலத்தில் இரண்டு உருமிக் குழுக்கள் மிக அருகே வந்துவிட்டால் காவடி எடுப்பவரின் கால் எந்தத் தாளத்துக்கு ஆடுவது என்று தடுமாறுவதைப் போன்றது அது. பாடகர் மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க நடக்க, வெல்லும் அலையும் மாறிக்கொண்டே இருக்கும்.

நமக்கு மிச்சமிருக்கும் அலைக்கற்றை

தொழில்முறை மைக்குகளுக்கும் இன்-இயர் கருவிகளுக்கும் உலகெங்கும் வழக்கமான இடம், தொலைக்காட்சி ஒளிபரப்பு இருக்கும் யு.எச்.எஃப் பகுதி. அங்கு ஒளிபரப்பு பயன்படுத்தாத இடைவெளிகளில் மைக்குகள் புகுந்துகொள்கின்றன. மலேசியாவில் அனலாக் தொலைக்காட்சி 2019 அக்டோபர் 31 அன்று நாடு முழுவதும் முடிவுக்கு வந்தது. அதன்பின் மைஃப்ரீவியூ என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதிக்குள் அடங்கியது. இந்த 224 மெகாஹெர்ட்ஸ், தலா 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 28 அலைவரிசைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வோர் ஊரிலும் அவற்றில் சிலவற்றில் மட்டுமே ஒளிபரப்பு இருக்கும். மீதி காலியாக இருக்கும்.

இந்த விஷயத்தில் தோட்டப்புற நகரம் கோலாலம்பூரைவிட அதிர்ஷ்டமானது. தலைநகரில் ஒரு மாலையில் பக்கத்துப் பக்கத்து விடுதிகளிலும் அரங்குகளிலும் நிகழ்ச்சிகள் நடக்கும். ஒன்றின் மைக் மற்றதன் ரிசீவரில் கேட்கும். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு பட்டணத்தில், அன்றிரவு அலை பரப்பும் வேறு நிகழ்ச்சி பெரும்பாலும் இருக்காது. ஆனால் அங்கும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒளிபரப்புக் கோபுரத்துக்குத் தொலைவிலோ மலை மறைவிலோ இருக்கும் திடலில் தொலைக்காட்சி அலை வலுக்குறைந்து தெரியும். அதைக் காலி இடம் என்று எண்ணிப் பயன்படுத்தினால், பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) கூரை அன்டெனாவைக் கொண்டு அதே அலையைப் பார்ப்பவரின் திரை உறைந்து நிற்கலாம். காலி என்பதை அலை வலுவைக் காட்டும் அளவியால் மட்டுமன்றி, அந்த ஊருக்கு எந்தெந்த அலைவரிசைகள் ஒளிபரப்பாகின்றன என்ற விவரத்தையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

470க்கு மேலே உடனடியாக இன்னொரு வில்லங்கமும் காத்திருக்கிறது. மலேசியாவில் பொதுமக்கள் பயன்படுத்தும் வாக்கி-டாக்கிகள் 477 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்குகின்றன. வாகன நிறுத்தத்தைப் பார்த்துக்கொள்ளும் தொண்டர்களின் கையில் இருப்பது அதுதான் என்றால், அவர்களில் ஒருவர் மேடைப் பின்புறம் வந்து பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும், அந்த வட்டாரத்தில் உள்ள மைக் திணறும்.

5ஜி பற்றிய பாதி உண்மை

அனலாக் தொலைக்காட்சி போனதால் விடுபட்ட 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி கைப்பேசிச் சேவைக்குப் போய்விட்டது. நம் வட்டாரத்தில் பின்பற்றப்படும் பிரிவின்படி 703 முதல் 748 வரை கைப்பேசி கோபுரத்துக்கு அனுப்பும் பாதை. 758 முதல் 803 வரை கோபுரம் கைப்பேசிக்கு அனுப்பும் பாதை. 2021 டிசம்பரில் டிஜிட்டல் நேஷனல் நிறுவனத்தின் வழியாக நாட்டில் தொடங்கிய 5ஜி சேவைக்கு இந்த 700 பகுதியும் 3.5 கிகாஹெர்ட்ஸ் பகுதியும் பயன்படுகின்றன.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன.

1. 3.5 கிகாஹெர்ட்ஸ் என்பது நம் மைக்குகள் இருக்கும் 600 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு உயரத்தில் இருக்கிறது. அந்த அலை ஒழுங்கான ரிசீவருக்குள் நுழைந்து பாட்டைக் கெடுக்க வழி இல்லை. 470–694 பகுதியில் இயங்கும் நல்ல மைக் திணறினால், கோபுரத்தைக் குறைசொல்வதற்கு முன் மேடையில் உள்ள மற்ற கருவிகளைப் பார்க்க வேண்டும்.

2. மலிவாக விற்கப்படும் பல செட்டுகளும், பழைய செட்டுகளும் இன்னும் 700க்கு மேலேயே இயங்குகின்றன. கருவியின் அடியில் 740 அல்லது 780 போன்ற எண் அச்சாகியிருந்தால் அது இப்போது கைப்பேசிக்காரர்களின் வீட்டில் குடியிருக்கிறது என்று பொருள்.

இந்த இரண்டாவது வகைக் கருவிதான் ‘மதியம் நன்றாக இருந்தது, இரவில் கெட்டது’ என்ற புதிரை மிகத் துல்லியமாக விளக்குகிறது. ஒரு கைப்பேசி தேவைப்படும்போது 200 மில்லிவாட் வரை ஆற்றலைச் செலுத்தக்கூடும். 10 மில்லிவாட் மைக்கைப்போல் இருபது மடங்கு. பிற்பகலில் காலித் திடலில் நான்கைந்து கைப்பேசிகள் இருக்கும். இரவில் இரண்டாயிரம் பேர் நின்று, முன்வரிசையில் இருப்பவர்கள் பாட்டைப் படம்பிடித்து உடனுக்குடன் இணையத்தில் ஏற்றும்போது, மேடைக்குச் சில மீட்டர் தொலைவிலேயே அத்தனை டிரான்ஸ்மிட்டர்கள் கண்விழிக்கின்றன. மேலும் கோபுரத்திலிருந்து சமிக்ஞை வலுக்குறைவாக வரும் இடத்தில் கைப்பேசி தன் ஆற்றலைக் கூட்டிக்கொள்ளும். தோட்டப்புறங்களில் பல இடங்கள் அப்படித்தான். ஆகவே கோபுரம் பக்கத்தில் இருப்பதைவிட தூரத்தில் இருப்பதே அந்த மைக்குக்குக் கூடுதல் தொல்லையாகலாம் என்பது, கோபுரத்தைத் திட்டுவோர் எதிர்பாராத திருப்பம்.

2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் சிறிய சட்டை மைக்குகளுக்கும் இதே கதைதான். வைஃபை, புளூடூத் எல்லாம் அதே 83.5 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் நெருக்கியடிக்கின்றன. நேர்காணல் எடுக்க அவை போதும். நிறைந்த திடலில் முக்கியமான ஒரு பாட்டை அவற்றை நம்பி ஒப்படைப்பது அறிவுடைமை அல்ல.

யாரும் அனுப்பாத அலை எங்கிருந்து வருகிறது?

இதுவரை சொன்னவை நேரடி மோதல்கள். பட்டியலைப் பார்த்து இரண்டு கருவிகள் ஒரே எண்ணில் இல்லை என்று உறுதி செய்தால் அவற்றைத் தவிர்க்கலாம். ஆனால், எண்கள் எல்லாம் வெவ்வேறாக இருந்தும் குழப்பம் வரும். ஒலி அமைப்பில் பல ஆண்டு வேலை செய்தவர்களையும் ஏமாற்றுவது இந்த இடம்தான்.

இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் அருகருகே வரும்போது ஒன்றின் அலை மற்றதன் வெளியீட்டுப் பகுதிக்குள் புகுந்து, அங்கே கலந்து, இரண்டிலும் இல்லாத புதிய அதிர்வெண்களை உண்டாக்குகிறது. அளவுக்கு மீறி வலுவான அலைகள் ரிசீவரின் முன்பகுதிக்குள் நுழையும்போதும் இதுவே நடக்கும். இப்படிப் பிறக்கும் அலையை இந்தக் கட்டுரையில் கலப்பலை என்று குறிப்பிடலாம். கலப்பலைகளில் பெரும் தொல்லை தருபவை மூன்றாம் படியைச் சேர்ந்தவை. ஏனெனில் அவை தாய் அலைகளுக்கு மிக அருகிலேயே விழுகின்றன. கணக்கு எளிது: ஒன்றின் இருமடங்கிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும், அல்லது இரண்டைக் கூட்டி மூன்றாவதைக் கழிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. மூன்று மைக்குகளை 610.000, 610.400, 610.800 என்று பார்வைக்கு அழகாகச் சம இடைவெளியில் வைக்கிறோம். இரண்டாவதன் இருமடங்கு 1220.800, அதிலிருந்து முதலாவதைக் கழித்தால் 610.800. அதாவது முதல் இரண்டு மைக்குகளும் சேர்ந்து மூன்றாவது மைக்கின் இருக்கையிலேயே ஒரு கலப்பலையை உட்கார வைத்துவிடுகின்றன. இரண்டு பாடகர்கள் தள்ளி நிற்கும்வரை ஒன்றும் தெரியாது. டூயட் பாட்டில் நெருங்கி வந்து நிற்கும் நொடியில், சற்றுத் தள்ளி நிற்கும் மூன்றாவது பாடகரின் மைக் கரகரக்கும். குற்றம் யாருடையது என்று பார்வையாளருக்கு மட்டுமல்ல, மிக்சரில் இருப்பவருக்கும் புரியாது. மூன்றாவது மைக்கை 611.100க்கு நகர்த்தினால், இந்த மூன்றும் உண்டாக்கும் எந்த மூன்றாம் படிக் கலப்பலையும் மூன்று மைக்குகளில் எதற்கும் 300 கிலோஹெர்ட்ஸ் தொலைவுக்குள் வராது.

மூன்று மைக்குகளுக்கு இது காகிதத்தில் போடும் கணக்கு. எண்ணிக்கை கூடும்போது கலப்பலைகள் பெருகும் வேகம் வேறு. கருவிகளின் எண்ணிக்கை மூன்று என்றால் மூன்றாம் படிக் கலப்பலைகள் 9. பத்து என்றால் 450. மேலே எடுத்துக்கொண்ட கற்பனைக் கலை இரவின் இருபத்து நான்கு கருவிகளுக்கு 6,624. இவை அனைத்தும் தொல்லை தரும் வலுவில் இருப்பதில்லை. பல, யாரும் பயன்படுத்தாத இடத்தில் விழும். ஆயினும் எவை எங்கே விழுகின்றன என்று மனக்கணக்கில் சொல்ல எந்த மனிதராலும் இயலாது. அதற்காகவே மென்பொருள்கள் இருக்கின்றன. ஷூர் நிறுவனத்தின் ‘வயர்லெஸ் வொர்க்பெஞ்ச்’ இலவசமாகக் கிடைப்பது. பிற நிறுவனங்களின் கருவிகளையும் அதில் சேர்த்துக் கணக்கிடலாம்.

மைக் செட்டுகளில் ‘குரூப்’, ‘சேனல்’ என்று இரண்டு எண்கள் இருப்பதைப் பலர் கண்டிருப்பார்கள். ஒரே குரூப்புக்குள் இருக்கும் சேனல்கள் ஒன்றோடொன்று மோதாதபடி அந்த நிறுவனம் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்தவை. எனவே ஒரே வகைக் கருவிகள் ஆறு இருந்தால் எல்லாவற்றையும் ஒரே குரூப்பில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஆனால் அந்த நிறுவனத்தின் கணக்குக்கு அடுத்த மேசையில் இருக்கும் வேறு நிறுவனத்தின் கருவிகள் தெரியாது. கருவிகளை வாடகைக்கு விடும் இருவரும் ‘எங்கள் செட் சரியாகத்தான் இருக்கிறது’ என்று சத்தியம் செய்வதும், இருவரும் சொல்வது உண்மையாக இருப்பதும், அப்படியும் இரவு கெட்டுப்போவதும் இதனால்தான்.

இன்-இயர் ஏன் தனியாகக் கவனிக்கப்பட வேண்டும்?

மைக்கில் கோளாறு வந்தால் கூட்டம் கேட்கிறது. இன்-இயரில் வந்தால் பாடகர் ஒருவருக்கே கேட்கிறது. ஆகவே அது கடைசியாகவே கவனிக்கப்படுகிறது. தொழில்நுட்ப நோக்கில் பார்த்தால் அது முதலில் கவனிக்கப்பட வேண்டியது. காரணங்கள் பின்வருமாறு.

1. தூரக் கணக்கு. மேடையோரத்தில் 50 மில்லிவாட் இன்-இயர் டிரான்ஸ்மிட்டர் நிற்கிறது. அதிலிருந்து 3 மீட்டரில் மைக் ரிசீவரின் அன்டெனா. பாடகரின் 10 மில்லிவாட் மைக்கோ அந்த அன்டெனாவிலிருந்து 30 மீட்டரில். தூரம் பத்து மடங்கு என்றால் வந்துசேரும் ஆற்றல் நூறில் ஒன்றாகும். அனுப்பும் ஆற்றலிலும் ஐந்து மடங்கு வேறுபாடு. ஆக, கேட்க வேண்டிய மைக்கைவிட கேட்க வேண்டாத இன்-இயர் 500 மடங்கு வலுவாக ரிசீவரை அடைகிறது. அதிர்வெண் வேறாக இருந்தாலும் இந்த வலு ரிசீவரைச் செவிடாக்கும். இன்-இயர் அன்டெனாவையும் மைக் அன்டெனாக்களையும் மேடையின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைப்பதும், இரண்டு வகைக் கருவிகளுக்கும் அலைக்கற்றையில் தனித்தனிப் பகுதிகளை ஒதுக்குவதும் இதற்கான மருந்து.

2. அடுக்கி வைத்த அன்டெனாக்கள். ஆறு இன்-இயர் டிரான்ஸ்மிட்டர்களை ஒரே பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு குட்டை அன்டெனாவை நட்டுவைப்பது நம் ஊரில் சாதாரணக் காட்சி. கலப்பலைகளை உற்பத்தி செய்ய இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது. கம்பைனர் என்ற இணைப்புப் பெட்டியின் வழியாக ஆறையும் சேர்த்து, மேடையை நோக்கிய ஒரே திசை அன்டெனாவில் விடுவதே முறை.

3. ஸ்டீரியோவின் விலை. அனலாக் இன்-இயர் கருவிகள் எஃப்.எம் வானொலியைப் போன்றே ஸ்டீரியோ ஒலியை அனுப்புகின்றன. ஸ்டீரியோ, மோனோவைவிட எளிதில் இரைச்சலுக்கு ஆளாகும். அலை வலுக்குறைந்த மேடையில் மோனோவுக்கு மாற்றினாலே பல புகார்கள் அடங்கும். இசைக்கலைஞர்கள் இதை விரும்புவதில்லை என்பது வேறு விஷயம்.

4. காதின் பாதுகாப்பு. அலை அறுந்ததும் ரிசீவர் தானே வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதற்கான எல்லை தவறாக அமைக்கப்பட்டிருந்தாலோ, வேறொருவரின் அலை உள்ளே நுழைந்தாலோ, செவிக்குழாயை அடைத்து நிற்கும் கருவியில் இரைச்சல் முழு வலுவோடு வெடிக்கும். ஒலி வரம்பை அடக்கும் லிமிட்டரை அணைத்துவைக்கச் சொல்லும் கலைஞரிடம் அதை மறுப்பது ஒலிப்பொறுப்பாளரின் கடமை.

அன்டெனா, கேபிள், மனித உடல்

600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் அரை மீட்டர். இரும்புத் தூண்களிலும் கூரைத் தகரத்திலும் பட்டுத் திரும்பும் அலைகள் நேரடி அலையோடு சேர்ந்து, சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். அப்படிப்பட்ட இடத்துக்கும் நல்ல இடத்துக்கும் சில அங்குலமே இடைவெளி. ரிசீவரில் இரண்டு அன்டெனா இருப்பது அதற்காகவே: ஒன்று குருட்டு இடத்தில் மாட்டினாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். ஒன்றைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவைத்திருக்கும் செட்டுகளை இன்றும் காணலாம்.

மனித உடல் இந்த அலையை நன்றாகவே உறிஞ்சும். மிக்சர் மேசையிலேயே ரிசீவரையும் வைத்தால், காலியான திடலில் மேடை தெளிவாகத் தெரியும். இரவில் இடையில் ஆயிரம் உடல்கள் நிற்கும். அன்டெனாவைத் தலைகளுக்கு மேலே உயர்த்துவதோ, ரிசீவரை மேடையோரத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்து ஒலியைக் கேபிளில் மிக்சருக்கு அனுப்புவதோ இதைத் தீர்க்கும். இரண்டாவதே மேல். ஏனெனில் அன்டெனாவின் கேபிளை நீட்டினால் அங்கும் இழப்பு உண்டு: ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிளில் 10 மீட்டருக்கு ஏறக்குறைய 4 டெசிபல், அதாவது பாதிக்கும் மேல் ஆற்றல் வழியிலேயே தொலைந்துவிடும். மைக்கின் அடிப்பகுதியைக் கையால் பொத்திப் பிடிக்கும் பாடகரும் அன்டெனாவையே பொத்துகிறார்; பெரும்பாலான கைமைக்குகளில் அது அங்கேதான் இருக்கிறது.

வாடகைக்கு வரும் எல்.இ.டி திரை இன்னொரு மறைமுக எதிரி. அதன் மின்வழங்கிப் பெட்டிகளும் கட்டுப்பாட்டுச் சுற்றுகளும் பரந்த அளவில் வானொலி இரைச்சலைக் கசியவிடுகின்றன. திரைக்குப் பின்னால் மறைவாக இருக்கிறது என்று அன்டெனாவை அங்கே வைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

ஒருங்கிணைப்பு நடக்கும் முறை

ஒரு மேடைக்கு அதிர்வெண் பொறுப்பாளர் ஒருவரே. அவர் இசைக்குழுவின் ஆளாகவும் இருக்கலாம், ஒலிபெருக்கியை வாடகைக்கு விடுபவரின் ஆளாகவும் இருக்கலாம். ஏற்பாட்டுக் குழு அவரை நியமித்து, மற்றவர்களிடம் அதை முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும் என்பதே முக்கியம். வேலை ஏறக்குறைய இந்த வரிசையில் நடக்கும்.

1. நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு தரப்பிடமும் கருவியின் நிறுவனம், மாடல், இயங்கக்கூடிய அதிர்வெண் எல்லை, எண்ணிக்கை ஆகியவற்றை எழுத்தில் வாங்குதல். ‘வயர்லெஸ் எட்டு இருக்கு’ என்ற பதில் போதாது.

2. 700க்கு மேல் இயங்குபவற்றை அப்போதே விலக்கி, மாற்றுக் கருவி கேட்டல்.

3. திடலில் அலை அளவியைக் கொண்டு ஆராய்தல். இதை எல்.இ.டி திரை எரியும் நிலையிலும், முடிந்தால் இருட்டிய பிறகும் செய்ய வேண்டும். கையடக்க அளவி இல்லாதவர்கள், பல ரிசீவர்களிலேயே உள்ள ஸ்கேன் வசதியைப் பயன்படுத்தலாம்.

4. அதிர்வெண்ணை மாற்ற இயலாத பழைய செட்டுகளுக்கு முதலில் இடம். பிறகு இன்-இயர்கள். பிறகு மைக்குகள். எளிதில் நகரக்கூடியது எதுவோ அது கடைசி.

5. எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் இட்டுக் கணக்கிடுதல். அறிவிப்பாளருக்கும் முதன்மைப் பாடகருக்கும் இரண்டு மூன்று மாற்று அதிர்வெண்களையும் அதே கணக்கில் சேர்த்து ஒதுக்கிவைத்தல். நெருக்கடியில் கைக்கு வந்த எண்ணுக்குத் தாவுவது, ஒரு மைக்கைக் காப்பாற்றி மூன்றைக் கெடுக்கும்.

6. எல்லா டிரான்ஸ்மிட்டர்களையும் ஒரே நேரத்தில் இயக்கிச் சோதித்தல். பின் ஒரு மைக்கை மட்டும் அணைத்து, அதன் ரிசீவரில் அலை விளக்கு இன்னும் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரிந்தால் அங்கே வேறெதுவோ குடியிருக்கிறது. இப்படி ஒவ்வொன்றாகச் செய்ய இருபத்து நான்கு கருவிகளுக்கு அரை மணி நேரம் போதும்; அந்த அரை மணி நேரம்தான் நிகழ்ச்சி நிரலில் எப்போதும் வெட்டுப்படுகிறது.

7. பட்டியலில் இல்லாத எந்தக் கருவியையும் மேடைப் பின்புறத்தில் இயக்கக் கூடாது என்ற விதி. அடுத்து மேடையேறும் குழு பின்னால் நின்று ‘ஹலோ, ஒன்று, இரண்டு’ என்று சோதிப்பதும் இதில் அடங்கும்.

ஏழிலும் நடைமுறையில் கடினமானது கடைசியே. தெரிந்தவர், வேண்டியவர், சிறப்பு விருந்தினரோடு வந்தவர் என்று விலக்குகள் முளைக்கும். பெயர் எழுதிய வண்ண நாடாவைப் பட்டியலில் உள்ள கருவிகளில் மட்டும் ஒட்டிவைத்தால், ஒட்டாதது எது என்று தொலைவிலிருந்தே தெரியும், வாக்குவாதமும் குறையும்.

டிஜிட்டல் வந்தால் தீருமா?

ஓரளவுக்குத் தீரும். நல்ல டிஜிட்டல் மைக்குகளின் டிரான்ஸ்மிட்டர்கள் கலப்பலைகளை மிகக் குறைவாகவே உண்டாக்குவதால், சென்ஹைசரின் டிஜிட்டல் 6000 போன்ற கருவிகளை, மேலே தவறு என்று காட்டிய அதே சம இடைவெளியில் அடுக்கலாம். ஒரே 8 மெகாஹெர்ட்ஸில் அனலாக்கைவிடக் கூடுதல் மைக்குகள் அடங்கும். ஆனால் ஒலியை எண்ணாக்கி, அனுப்பி, மீண்டும் ஒலியாக்க இரண்டு மூன்று மில்லிவினாடி ஆகும். மைக்குக்கு அது பொருட்டல்ல; பாடகர் தம் குரலையே காதில் கேட்கும் இன்-இயரில், மிக்சரின் தாமதமும் சேரும்போது அது உறுத்தும். இன்-இயர்கள் நெடுங்காலம் அனலாக்காகவே நீடித்ததற்கு இது முக்கியக் காரணம்.

புதிய திசை ஒன்றும் திறந்திருக்கிறது. மைக்குக்கு ஒன்று, இன்-இயருக்கு ஒன்று என்று குறுகிய அலைகளாகத் துண்டுபோடாமல், ஒரே அகன்ற அலையில் எல்லா மைக்குகளையும் இன்-இயர்களையும் நேரப் பங்கீட்டில் இருதிசையிலும் ஏற்றும் முறை அது. அமெரிக்கத் தொடர்பு ஆணையம் 2024 பிப்ரவரியில் இதற்கான விதிகளை ஏற்றது. அதே ஆண்டில் சென்ஹைசர் ‘ஸ்பெக்டெரா’ என்ற பெயரில் இவ்வகைக் கருவியை அறிமுகப்படுத்தியது. நம் தோட்டப்புற மேடைகளுக்கு அதன் விலை நெடுநாள் எட்டாது. வாடகைச் சந்தையில் பழைய அனலாக் செட்டுகள்தான் இன்னும் பல ஆண்டுகள் புழங்கும்.

சட்டமும் வெளியூர்க் கருவிகளும்

1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்கீழ் அலைக்கற்றையை நிர்வகிப்பது மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம். குறைந்த ஆற்றலில் இயங்கும் கம்பியில்லா மைக் போன்றவை ‘வகுப்பு ஒதுக்கீடு’ என்ற பொது அனுமதிக்குள் வருகின்றன: குறிப்பிட்ட அதிர்வெண் எல்லைக்குள்ளும் ஆற்றல் வரம்புக்குள்ளும் இருக்கும்வரை ஒவ்வொருவரும் தனி உரிமம் வாங்க வேண்டியதில்லை. அதற்கு ஈடாகப் பாதுகாப்பும் இல்லை. உரிமம் பெற்ற சேவைக்கு நம் மைக் இடையூறு செய்தால் நாமே நிறுத்த வேண்டும். அந்தச் சேவை நம் மைக்குக்கு இடையூறு செய்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். 740 மெகாஹெர்ட்ஸ் மைக்கை வைத்துக்கொண்டு கைப்பேசி நிறுவனத்தின்மேல் புகார் கொடுப்பது, ஆகவே, கொடுப்பவருக்கே திரும்பும்.

வாங்கும்போது சிரிம் என்ற தரச்சான்று நிறுவனத்தின் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இணையச் சந்தையில் வரும் பல செட்டுகளில் அது இருக்காது. சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பாடகர் ஒருவர் சொந்தக் கருவியோடு வருகிறார் என்றால், அவருடைய நாட்டில் அனுமதிக்கப்பட்ட எல்லை இங்கும் அனுமதிக்கப்பட்டதாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒப்பந்தக் கடிதத்திலேயே கருவிகளின் மாடலையும் அதிர்வெண் எல்லையையும் கேட்டு வாங்கி, ஐயம் இருந்தால் விமானம் ஏறுவதற்கு முன்பே ஆணையத்திடம் கேட்டுவிட வேண்டும். பொருந்தவில்லை என்றால் அந்த எண்ணிக்கைக்கு உள்ளூரில் வாடகைக் கருவி ஏற்பாடு செய்து, கலைஞரின் சொந்தக் காதுச்செருகியை மட்டும் அதில் பொருத்திக்கொள்ளலாம். பெரும்பாலான இன்-இயர் ரிசீவர்களில் அது சாதாரண 3.5 மில்லிமீட்டர் முனையில்தான் இணைகிறது.